உன் கட்டைவிரல் இடித்த மணிக்கூண்டு

மக்கா,

நீ சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கப் போவதில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய். மஸ்கட்டில் ஏதோ பூங்காவில் மனைவியும் மகளுமாக ஐஸ்கிரீம் தின்கிற படத்தை நேற்றுப் பார்த்தேன். பேத்திக்குக் கன்னம் நன்றாக உருண்டிருக்கிறது, கண் படாமல் இருக்கட்டும். நானும் சுகம்தான், முட்டுவலி ஒன்று, கோபம் ஒன்று, இந்த இரண்டைத் தவிர. ஆறட்டும் ஆறட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. இன்றைக்கு மீன் விற்கப் போகாமல் அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். போனில் பேசினால் நீ ‘செரி அம்மா, செரி அம்மா’ என்று சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். எழுத்தில் எழுதினால் முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் கோயில் மணிக்கூண்டை இடிக்கிறார்கள். இடிக்கிறார்கள் என்ன, பாதி இடித்தாயிற்று. திங்கட்கிழமை காலையில் குன்னத்துகால் சந்தைக்குப் போக மீன்பெட்டியோடு ஆட்டோவுக்குக் காத்து நின்றேன். கோயில் முற்றத்தில் ஒரு பெரிய மெஷின் ஏறிப் போனது. புதுக் கோயிலுக்கு முன்னால் மண் நிரவ வந்திருக்கும் என்று நினைத்தேன். அது நேரே மணிக்கூண்டு பக்கம் போய் அதன் நீண்ட கையைத் தூக்கியது. உச்சிச் சிலுவையை முந்தின நாள் சாயங்காலமே கயிறு கட்டி இறக்கிவிட்டார்களாம். முட்டுவலியில் நான் படுத்துக் கிடந்தேன், எனக்கு யார் சொன்னார்கள்? கூம்பின் மேல் முதல் குத்து விழுந்தது. பெட்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடினேன். அன்றைய அயிலை முழுவதையும் காக்கை தின்றது. தின்னட்டும்.

விழப்போகிறது, பலம் போய்விட்டது, பிள்ளைகள் தலையில் விழுந்துவிடும் என்று சொல்லித்தான் இடிக்கிறார்கள். அந்தப் பலம் போன கூண்டு, மத்தியானத்துக்குள் மெஷினின் குத்தூசியை முறித்துக் கீழே போட்டது! மறுநாள் வேறொரு மெஷின் கொண்டுவந்தார்கள். கடல் ஏறி வந்து தென்னைகளை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனபோதும் அசையாமல் நின்ற கூண்டு அது. உண்மையான காரணம் ஊருக்கே தெரியும். புதுக் கோயிலின் முகப்பை மறைக்கிறது. கல்யாணத்துக்கு வருகிற கார்கள் திரும்ப இடம் போதவில்லை. படம் எடுத்தால் இந்தக் கறுத்த கூண்டு குறுக்கே வந்து நிற்கிறது. இதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால்கூட நான் இவ்வளவு கொதிக்க மாட்டேன். பிள்ளைகள் பேரைச் சொல்லி நம்மைப் பயமுறுத்தினார்கள் பார், அதுதான் பொறுக்கவில்லை. புதுக் கோயில் வேண்டாம் என்று நான் எப்போதாவது சொன்னேனா? அங்கே பெஞ்சு உண்டு, ஃபேன் உண்டு, என் முட்டுக்கு அதுதான் நல்லது. ஆனால் ஒன்றைக் கட்டினால் இன்னொன்றை இடித்தே தீர வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

கமிட்டி செக்ரட்டரி ஸ்டீபன் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு மெஷின்காரனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். நான் போய் நடுவில் நின்றேன்.

“நிறுத்துலே! எவனக் கேட்டு இடிக்கிய?”

“அக்கா, சத்தம் போடாதிங்கோ. எல்லா வீட்டுலயும் கேட்டாச்சு.”

“எனக்க வீட்டுல எவன் வந்து கேட்டான்?”

“உங்களுக்க வீட்டு வோட்டு விழுந்தாச்சு அக்கா. ஆதரவாக்கும். மகன் போட்டாருல்லா.”

போனை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினான். கோயில் பங்கின் குடும்பத் தலைவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறதே, அது. அதில் நான் இல்லை, அடுத்த வீட்டு ரோசிலி இல்லை, இந்தக் கரையில் ஒரு பெண்ணும் இல்லை. வீட்டுக்கு ஒரு வோட்டு, அது தலைவருக்கு. உன் அப்பன் போன பிறகு கோயில் அட்டையில் தலைவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினார்கள். அன்றைக்கு உனக்கு மீசைகூட நேராக முளைக்கவில்லை. நான் அதை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகன் பெயர் ஏறுகிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அந்தக் குரூப்பில் பெருநாள் வாழ்த்து, சப்பர ஊர்வலம், வெடிக்கட்டு, சாப்பாடு என்று முழநீளத்துக்கு ஒரு செய்தி. அதன் நடுவில், மீன்குழம்பில் முள் கிடப்பதைப்போல, ‘அபாய நிலையிலுள்ள பழைய மணிக்கூண்டை அகற்றச் சம்மதமுள்ளவர்கள் தெரிவிக்கவும்’ என்று ஒரு வரி. கீழே வரிசையாக மஞ்சள் கட்டைவிரல்கள். அதில் ஒன்று உன்னுடையது.

நான் உன்னைக் கூப்பிட்டதும் நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “நான் முழுசா வாசிக்கல்ல அம்மா. பெருநாள் நோட்டீஸ்னு நெனச்சு போட்டுட்டேன். வேலையில இருந்தேன்லா.” இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் என்னை இந்த மேசையில் உட்கார வைத்திருக்கிறது. வாசிக்கவில்லையாம்! வாசிக்காமல் ஒரு வீட்டின் வாக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறவனை நான் வளர்க்கவில்லை என்று சொல்ல ஆசை. வளர்த்திருக்கிறேன், என்ன செய்ய.

உனக்கு மறந்துபோயிருக்காது. ஆனாலும் சொல்கிறேன், உன் மனைவி பாறசாலை பக்கம் உள்ளவள், கடற்கரை வழக்கம் அவளுக்குத் தெரியாது, அவளும் வாசிக்கட்டும். நம் ஊரில் கடலில் போய் உடம்பு கிடைத்தவனுக்குச் சிமித்தேரியில் குழி உண்டு. உடம்பு கிடைக்காதவனுக்குக் குழி எங்கே வெட்டுவது? அவனுக்கு மணிக்கூண்டின் அடியறைதான். உள்ளே நுழைந்தால் சுற்றிலும் சிப்பிச் சுண்ணாம்பு பூசிய சுவர், சுவர் நிறையப் பெயர்கள். பாதி மலையாளத்தில், பாதி தமிழில். கல்லறைத் திருநாளன்று ஊர் முழுவதும் சிமித்தேரியில் மெழுகுதிரி ஏற்றும்போது நாங்கள் அங்கே ஏற்றுவோம். பூசை வைக்கிற அச்சன் ஒவ்வொரு குழியாக, செத்தவர்களுக்கான ஒப்பீஸ் ஜெபத்தைச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் கூண்டுக்கு வந்து அந்தப் பெயர்களுக்கும் ஒப்பீஸ் சொல்வார். கடலுக்குள் கிடப்பவனுக்குக் கரையில் இருக்கிற இடம் அவ்வளவுதான்.

நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்த அந்தப் புயலில் உன் அப்பனும் ரோசிலியின் புருஷனும் ஒரே வள்ளத்தில் போனார்கள். மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில உடம்புகள் பூவார் பொழிமுகத்தில் ஒதுங்கின, ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தேன், எதுவும் அவர் இல்லை. இல்லை என்று கண்டதும் முதலில் சந்தோஷப்பட்டேன், பிறகு அந்தச் சந்தோஷத்துக்காகவே அழுதேன். ஒரு வருடம் கதவைத் தாழ் போடவில்லை. அடுத்த வருடம் அப்போதிருந்த பழைய அச்சன் வந்து, “போதும் மோளே, பேரு எழுதலாம்” என்றார். கொத்தன் மலையாளி. நான் வாசிக்கிற எழுத்தில்தான் என் புருஷன் பெயர் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நான் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து வெட்டினான் பாவம். கிறிஸ்துதாஸ் என்பதில் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டான். அந்தப் புள்ளியை நான்தான் ஆணியால் வைத்தேன். விரலை வைத்தால் இன்றைக்கும் அந்தக் குழி தட்டுப்படும்.

அன்றைக்கு நீ என்ன செய்தாய் என்று நினைத்துப் பார். மற்றவர்களின் சாவுக்குக் கோயில்பிள்ளை மணி அடிப்பார். உடம்பு வராதவனுக்கு அவன் வீட்டு மகன் கயிறு பிடிக்க வேண்டும், போனவனுக்கு எத்தனை வயதோ அத்தனை தடவை. நீ பிடித்தாய். பாதியில் உன் உள்ளங்கை உரிந்துவிட்டது. கோயில்பிள்ளை கை நீட்டியதும், “வேண்டாம், எனக்க அப்பனாக்கும்” என்று அவர் கையைத் தட்டிவிட்டாய். கயிற்றில் ரத்தம் ஒட்டியிருந்தது. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இவன் இருக்கிறான், போதும் என்று அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்தக் கைதான் மக்கா இந்தக் கட்டைவிரலையும் போட்டது.

இப்போது கமிட்டி என்ன சொல்கிறது தெரியுமா? புதுக் கோயிலின் வாசலில் கிரானைட் கல்லில் எழுதிவிடுவார்களாம். பெயர்களா? இல்லை. ‘கடலில் மறைந்த நம் பங்கு மக்கள் அனைவரின் நினைவாக.’ ஒரே வரி. “அழகாட்டு இருக்கும் அக்கா” என்கிறான் ஸ்டீபன். அனைவர் என்று ஒருத்தன் என் வீட்டில் சோறு தின்றதில்லை. அனைவருக்கு நான் பிள்ளை பெறவில்லை. இதை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். பக்கத்திலேயே இன்னொரு கல் தயாராக நிற்கிறது, நன்கொடை கொடுத்தவர்களின் கல். அதில் ஒவ்வொருவனுக்கும் முழுப் பெயர், இனிஷியல், எந்த நாடு என்பது உட்பட. உன் பெயரையும் பார்த்தேன். தங்க எழுத்தில் மின்னுகிறது. கொடுத்தவனுக்குப் பெயர் உண்டு, செத்தவனுக்கு இல்லை. மகன் பெயர் வாசலில், அப்பன் பெயர் லாரியில் ஏறிக் கடலரிப்புக்குக் கல் போடப் போகிறது. இது உனக்கு நன்றாக இருக்கிறதா? சொல்.

நல்லவேளை, அடியறையை இன்னும் தொடவில்லை. கூம்பு போய்விட்டது, மணி இருந்த மாடம் போய்விட்டது, மணியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் மெஷின் வந்த அன்று நானும் ரோசிலியும் அடியறைக்குள் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் மற்றப் பெண்களும் வந்தார்கள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் வெங்காயத்தோடு வந்தாள். மெஷின்காரன் நல்லவன், இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்னால ஆவாது” என்று பீடி பற்றவைத்துக்கொண்டான். கடைசியில் புது அச்சன் வந்தார். உன் வயதுகூட இருக்காது அவருக்கு. “நமக்கு ஞாயிறாழ்ச்ச யோகத்தில சம்சாரிக்காம் அம்மச்சி” என்றார், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாமாம். “செரி அச்சா, ஆனா அந்த யோகத்துல நான் வாய் தொறக்கலாமா? எனக்கு வோட்டு உண்டா?” என்று கேட்டேன். அவர் ஸ்டீபனைப் பார்த்தார். ஸ்டீபன், “அட்டையில தலைவர் மகன்லா” என்றான். அச்சன், தலைவர் எழுதிக் கொடுத்தால் மாற்றலாம் என்றார். அதுவரைக்கும் மெஷின் சும்மா நிற்கும்.

இதைக் கேட்டதும் உனக்கு வேகமாக ஒன்று தோன்றும். ‘அவ்வளவுதானே அம்மா, நான் இடிக்க வேண்டாம்னு மாத்திப் போட்டுடுதேன்’ என்பாய். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீ ஆதரவாகப் போட்டதும் என்னைக் கேட்காமல், எதிராகப் போடப் போவதும் என்னைக் கேட்காமல்தானா? உன் வேண்டாம் எனக்கு வேண்டாம். என் வோட்டு எனக்கு வேண்டும். கூரையில் ஓடு பறந்தபோது ஏறிக் கட்டியது யார்? கடல் முற்றத்துக்குள் வந்தபோது அரிசியையும் உன் சர்ட்டிபிகேட்டையும் தலையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட முகாமுக்கு ஓடியது யார்? அந்த வீட்டுக்கு, வருடத்தில் ஒரு மாதம் வந்து பொரித்த மீன் தின்றுவிட்டுப் போகிற நீ தலைவர்! உன்னை நான் குறை சொல்லவில்லை, அங்கே வெயிலில் நீ படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் வேலைக்குப் போன இடத்தில் இருந்துகொண்டு வீட்டுக்குத் தலைவனாக இருக்க முடியாது மக்கா. உன் மனைவியிடமும் இதே வேலையைக் காட்டாதே. அவளைக் கேட்காமல் அவளுக்காக ஒரு இடத்திலும் தலையாட்டாதே. ஒருநாள் அவளும் இதைப்போல ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதுவாள், அதை வாசிக்க உனக்குத் தெம்பு இருக்காது.

ஒன்று சொல்லட்டுமா? நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது கூட்டாளிகளோடு பந்தயம் கட்டிக்கொண்டு மத்தியானத்தில் கூண்டுக்குள் புகுந்து மணியை அடித்துவிட்டாய். நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் கடலில் ஏதோ வள்ளம் கவிழ்ந்திருக்கிறது என்று இங்கே அர்த்தம். ஊரில் உள்ள பெண்கள் எல்லாம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். ரோசிலி நிறைமாதக்காரி, விழுந்து எழுந்து ஓடினாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எல்லோரும் மணலில் உட்கார்ந்து உன்னைத் திட்டினார்கள். நான் விறகுக்கட்டையோடு உன்னைத் தேடினேன். உன் அப்பன்தான் தடுத்தார். “அடிச்சா மறந்துடுவான்” என்று சொல்லிவிட்டு உன் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் விட்டார். “எலே, உனக்க கை அடிச்ச மணியாக்கும். உனக்க வாய்தான் போய்ச் சொல்லணும். ஒரு வீடு விடப்பிடாது.” நீ வீடு வீடாகப் போய், ‘நான்தான் அடிச்சேன், சும்மா அடிச்சேன்’ என்று சொல்லிவிட்டு வந்தாய். ரோசிலி வீட்டில் மட்டும் உள்ளே கூப்பிட்டு உனக்குக் கப்பைக்கிழங்கும் மீனும் கொடுத்தார்கள், நீ அழுதுகொண்டே தின்றாயாம். அதற்குப் பிறகு அந்தக் கயிற்றை உன் அப்பனுக்காகத்தான் தொட்டாய்.

இந்த முறையும் அதேதான். அவர் இல்லை, அதனால் நான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரு பக்கம் விடாமல் அந்தத் தலைவர்கள் குரூப்பில் உன் கையால் போடு. என்னால் போட முடியாது, நான்தான் அதில் இல்லையே! ‘நான் வாசிக்காமல் விரல் போட்டேன், சும்மா போட்டேன்’ என்று மேலே ஒரு வரி எழுது. உன்னைப்போல வாசிக்காமல் போட்டவர்கள் எத்தனை பேர் என்பது அப்போது தெரியும். துபாயிலும் தோகாவிலும் இருந்துகொண்டு தங்கள் அப்பன்மார் பெயரை இடிக்கச் சொன்னவர்கள் அவர்கள். அவர்கள் அம்மாமாரும் என்னோடு சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அது முடிந்ததும் அச்சனுக்கு எழுது: என் வீட்டுக்குத் தலைவி என் அம்மா. வேறொன்றும் எழுத வேண்டாம். காரணம் சொல்லாதே, மன்னிப்புக் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கையைத் தூக்கச் சொன்னால் நான் என் கையைத் தூக்கிக்கொள்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி வாங்கி வைத்துவிட்டேன். டிசம்பரில் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வரும்போது புதுக் கோயிலுக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் முதலில் கூண்டின் அடியறைக்குக் கொண்டுவா. அவள் விரலைப் பிடித்து அந்தப் புள்ளியில் வைக்கிறேன், தாத்தா யாரென்று அப்படித்தான் காட்ட முடியும், அவருக்கு ஒழுங்கான ஒரு படம்கூட நம்மிடம் இல்லையே. சுவர் இருந்தால் வைப்பேன்.

வாசித்து முடித்துவிட்டாயா? எனக்குக் கட்டைவிரல் அனுப்பாதே. கூப்பிடு, வாயைத் திறந்து பேசு. என் போன் அடித்து நான் எடுக்காவிட்டால் ரோசிலியின் போனில் கூப்பிடு. நான் உன் அப்பன் பெயருக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா